கார் டியூ கட்ட முடியவில்லை, வண்டியை எடுத்துவிடுவார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போய்விட்டது, வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்று ஏதோ ஒரு காரணத்தால் கார் கடன் தவணை நின்றுபோனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எங்கும் பொருந்துவதைப் பொதுவாகச் சொல்லிவிட்டு, விதி முக்கியமாக மாறும் இடங்களில் மட்டும் நாட்டின் பெயரோடு சொல்லியிருக்கிறேன். உங்கள் கடன் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையா? கடன் கொடுத்த இடத்தில் இன்றே ஒரு நகல் கேளுங்கள்.

ஒரே ஒரு டியூ தவறியிருக்கிறது. அதற்கே வண்டியைத் தூக்கிவிடுவார்களா?

தூக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், ஆனால் பெரும்பாலும் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார்கள். வண்டி நிற்கும் இடத்தைத் தேடி, இழுத்து வந்து, எடுத்த வண்டிகளை வைக்கும் யார்டில் நிறுத்தி, ஏலம் விட்டுப் பணமாக்குவது கடன் கொடுத்தவருக்கும் நஷ்டம் தரும் வேலைதான். முதல் தவணை பவுன்ஸ் ஆனால் குறுஞ்செய்தியும் போனும், இரண்டாவதற்கு நேரில் ஆள், மூன்றாவதற்கு நோட்டீஸ் என்று போவதுதான் வழக்கம். இந்தியாவில் 90 நாள் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் அந்தத் தேதி நெருங்க நெருங்க போனில் பேசுகிறவரின் குரலே மாறும்.

மலேசியாவில் 1967ஆம் ஆண்டு ஹயர் பர்ச்சேஸ் (கடைசித் தவணை வரை வண்டி கடன் கொடுத்தவருடையதாகவே இருக்கும் முறை) சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும் (கடைசித் தவணை என்றால் அது ஒன்றே போதும்), அப்புறம் 21 நாள் நோட்டீஸும் தர வேண்டும். பிரிட்டனில் நோட்டீஸில் குறைந்தது 14 நாள் அவகாசம் இருக்க வேண்டும், ஆஸ்திரேலியாவில் 30 நாள். அமெரிக்காவில்தான் நிலைமை கடுமை. பல மாநிலங்களில் முன்னறிவிப்பு எதுவும் தேவையில்லை, தவணை தவறிய மறுவாரமே ராத்திரியில் வந்து இழுத்துப் போனாலும் சட்டப்படி சரிதான்.

இன்னொன்று. தவணை மட்டும்தான் ஒப்பந்த மீறல் என்று நினைக்காதீர்கள். இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விடுவதும், கடன் கொடுத்தவருக்குச் சொல்லாமல் வண்டியைக் கை மாற்றுவதும் மீறல் என்றுதான் நிறைய ஒப்பந்தங்களில் இருக்கும்.

அடுத்த மாதம் கட்ட முடியாது என்று இப்போதே தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

போன் பண்ணுங்கள், டியூ தேதிக்கு முன்னாலேயே. இந்த மொத்த விவகாரத்தில் செலவே இல்லாத வேலை இது ஒன்றுதான், பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவதும் இதைத்தான். இன்னும் ஒரு தவணைகூடத் தவறாதவருக்குக் கிடைக்கும் மரியாதையும் சலுகையும், மூன்று தவணை தவறி, பத்து போனை எடுக்காமல் விட்டவருக்குக் கிடைக்காது.

வசூலுக்கு வரும் ஆளிடம் பேசுவதை விட, கிளையிலோ வாடிக்கையாளர் சேவையிலோ பேசுவது மேல். வசூல் ஆளுக்கு இந்த மாதத் தொகையை வாங்குவதுதான் வேலை, தவணையை மாற்றித் தரும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. பேசும்போது கதையைச் சுருக்கிக் கணக்கைச் சொல்லுங்கள்: "போன மாதத்தோடு சம்பளம் நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும். அதுவரை மாதம் பாதித் தொகை கட்ட முடியும், அதற்கு என்ன ஏற்பாடு செய்து தருவீர்கள்?" இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். "கஷ்டமா இருக்கு சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்றால் அவர் தேதி கேட்பார், நீங்களும் வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்வீர்கள், அந்தத் தேதி தவறியதும் உங்கள் கணக்கில் "வாக்குறுதி மீறினார்" என்று ஏறிவிடும். கட்ட முடியாத தேதியைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

பேசி முடித்த அன்றே, என்ன பேசினோம் என்பதை இமெயிலில் அனுப்பிவிடுங்கள். "சரி சார், பார்த்துக்கலாம்" என்று போனில் சொன்னவர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார்.

அப்படிப் பேசும்போது என்னென்ன கேட்கலாம்?

ஒன்றிரண்டு தவணையைக் கடைசிக்குத் தள்ளச் சொல்லலாம். கடன் காலத்தை நீட்டி மாதத் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். தவறிய தொகையைப் பிரித்து வரும் தவணைகளோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லலாம். சம்பளத் தேதிக்கு ஏற்ப டியூ தேதியை மாற்றச் சொல்லலாம், சிலருக்கு இது ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவிடும். அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேட்கலாம், கேட்டால் கொஞ்சமாவது குறைப்பார்கள்.

எதுவுமே இனாம் இல்லை. தவணையைத் தள்ளி வைத்த மாதங்களுக்கும் வட்டி ஓடும், காலம் நீண்டால் மொத்தமாகக் கட்டும் வட்டி கூடும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

கணக்கு அறிக்கையையும் ஒரு தடவை வரி வரியாகப் பாருங்கள். இந்தியாவில் 2024 முதல், தாமதத்துக்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்த்துக் கூட்டக் கூடாது, தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டியும் போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படிப் போட்டிருந்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் பக்கம் ஒரு பிடி கிடைத்த மாதிரி.

கையில் அரை டியூவுக்குத்தான் பணம் இருக்கிறது. அதைக் கட்டினால் வண்டியை எடுக்காமல் விடுவார்களா?

தானாக விடமாட்டார்கள். பாதி கட்டினாலும் தவணை தவறியது தவறியதுதான். முழுப் பாக்கி வரும்வரை எடுக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டினால் அதற்கு அர்த்தம் உண்டு. வசூல் ஆள் கையில் ரொக்கமாகக் கொடுக்கவே வேண்டாம், கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள்.

வெளியே கடன் வாங்கி டியூ கட்டலாமா?

ஒரு மாதத் தடங்கல், அடுத்த மாதம் பணம் வருவது நிச்சயம் என்றால் சொந்தக்காரரிடம் கைமாற்று வாங்கிச் சமாளிக்கலாம். வருமானமே எப்போது திரும்பும் என்று தெரியாத நிலையில் கந்து வட்டிக்கோ, கிரெடிட் கார்டிலோ, செயலிக் கடனிலோ வாங்கிக் கார் டியூ கட்டுவது வேண்டாம். வண்டியும் போய், புதுக் கடனும் தலையில் நிற்கும். வீட்டு வாடகை, மருந்து, பிள்ளைகள் படிப்பு இவற்றுக்கு அப்புறம்தான் கார். அந்த வண்டியை ஓட்டித்தான் பிழைப்பே நடக்கிறது என்றால் மட்டும் வரிசை மாறும்.

எடுப்பதற்கு முன்னால் வண்டியை நானே விற்றுக் கடனை அடைக்கலாமா?

இனி இந்த டியூவைக் கட்டவே முடியாது என்று மனசுக்குத் தெரிந்துவிட்டால், என் கருத்தில் இதுதான் இருப்பதிலேயே நல்ல வழி, அதுவும் முதல் இரண்டு மாதத்துக்குள். ஏலத்தில் வண்டி எப்போதும் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்க முடியாது, பழைய சர்வீஸ் கணக்கு கையில் இருக்காது, யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டி. அதே வண்டியைக் கழுவித் துடைத்து, பேப்பர்களோடு நீங்களே காட்டினால் வரும் விலையே வேறு.

கடன் முடியாத வண்டியை உங்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது, அதனால் முதலில் கடன் கொடுத்த இடத்தில், இன்றைய தேதிக்கு மொத்தமாக முடிக்க எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவில் இதை ஃபோர்குளோஷர் லெட்டர் என்பார்கள். அதில் எந்தத் தேதி வரை செல்லும் என்று போட்டிருக்கும், அந்தத் தேதிக்குள் ஆள் பிடிக்க வேண்டும். வாங்குபவர் பணத்தை நேராகக் கடன் கணக்கில் கட்டி, மீதி இருந்தால் உங்களுக்குத் தருவது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்சி புத்தகத்தில் இருக்கும் ஹைப்போதிகேஷனை (வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவை) நீக்கி, பெயரை மாற்றிக் கொடுக்க வேண்டும். பிரிட்டன், மலேசியா மாதிரி ஹயர் பர்ச்சேஸ் முறையில் கடைசித் தவணை வரை வண்டி சட்டப்படி உங்களுடையதே இல்லை, அங்கே அவர்கள் சம்மதம் இல்லாமல் விற்பது பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும்.

வண்டி விலை பாக்கியை விடக் குறைவாக இருந்தாலும் இந்த வழியை ஒதுக்காதீர்கள். மீதித் தொகையை மட்டும் தனிக் கடனாகத் தவணையில் கட்டுகிறேன் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

தெரிந்தவர் ஒருவர், "வண்டியை எனக்குக் கொடு, மீதி டியூவை நான் கட்டிக்கொள்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். கடனும் வண்டியும் உங்கள் பெயரில், சாவி மட்டும் அவர் கையில். நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டுவார், ஐந்தாவது மாதம் போன் எடுக்க மாட்டார். வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்றே தெரியாது, நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், வண்டி ஒருவர் மேல் ஏறினால் போலீஸும் உங்களைத்தான் முதலில் தேடும். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன் என்பார்கள். அந்தப் பத்திரம் கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. கடனையே முறைப்படி அவர் பெயருக்கு மாற்றித் தரக் கடன் கொடுத்தவர் ஒத்துக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம்.

சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் கடன் முடிந்துவிடும்தானே?

முடியாது. இந்த ஒரு நம்பிக்கையால் ஏமாந்தவர்கள் கணக்கில்லை. நீங்களே கொடுத்தாலும் அவர்கள் ஏலம் விட்டு, வந்த பணத்தைக் கழித்து, மீதியை உங்களிடம்தான் கேட்பார்கள். இழுவைச் செலவு மிச்சம், தெருவில் நாலு பேர் பார்க்க நடக்கும் கூத்து மிச்சம், அவ்வளவுதான் லாபம். கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் கிட்டத்தட்ட அதே கறைதான் விழும்.

ஆனால் சாவி கையை விட்டுப் போகாத வரை உங்களிடம் பேரம் பேச ஒன்று இருக்கிறது. "வண்டியை நல்லபடியாக ஒப்படைக்கிறேன், ஏலத்துக்குப் பின் மீதித் தொகையைக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்", அல்லது "மீதியில் இவ்வளவு குறையுங்கள்" என்று கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அதுதான். எழுத்து வந்த பிறகு சாவி.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, ஹயர் பர்ச்சேஸில் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியிருந்தால் ஒப்பந்தத்தை நீங்களே முடித்து வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், பழைய பாக்கியும் சேதமும் இல்லாவிட்டால் அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. பாதிக்குக் குறைவாகக் கட்டியிருந்தால் பாதி வரை நிரப்ப வேண்டும். இந்த உரிமையின் பெயரைச் சொல்லித்தான் எழுத்தில் கேட்க வேண்டும். சும்மா "வண்டியை எடுத்துக்கோங்க" என்றால் அது சாதாரண ஒப்படைப்பாகப் போய், முழுப் பாக்கியும் உங்கள் தலையில் விழும்.

வண்டியை வேறு எங்காவது ஒளித்து வைத்தால்?

நாள் தள்ளும், அவ்வளவுதான். நிறைய வண்டிகளில் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறார்கள், தேடும் செலவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கடன் வண்டியை மறைப்பது பல இடங்களில் குற்ற வழக்கு வரை போகும். உங்கள் வீட்டு கேட்டைப் பூட்டி வண்டியை உள்ளே நிறுத்துவது வேறு விஷயம், அது ஒளிப்பது ஆகாது.

எடுக்க வருகிறவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

தெருவிலோ பொது இடத்திலோ நிற்கும் வண்டியை, ஆள் இல்லாதபோது, யாருக்கும் தொல்லை இல்லாமல் எடுத்துப் போவதைப் பல நாடுகள் அனுமதிக்கின்றன. அமெரிக்காவில் இதற்கு ஒரே அளவுகோல்தான்: பொது அமைதிக்குக் குந்தகம் இல்லாமல் எடுக்க வேண்டும். அடிப்பது, மிரட்டுவது, பூட்டை உடைப்பது, ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது வண்டியை இழுப்பது எல்லாம் இந்த அளவுகோலில் அடிபடும். நீங்கள் நேரில் நின்று வேண்டாம் என்று தெளிவாக மறுத்த பிறகும் எடுத்தால், பல நீதிமன்றங்கள் அதையும் இதில்தான் சேர்த்திருக்கின்றன.

பிரிட்டனில் உங்கள் இடத்துக்குள் நுழைந்து எடுக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் வீட்டு வளாகத்துக்குள் வர உங்கள் எழுத்துச் சம்மதமோ கோர்ட் உத்தரவோ வேண்டும். இந்தியாவில் அடியாட்களை வைத்து வண்டி பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் கடுமையாகக் கண்டித்து, சட்ட வழியில்தான் மீட்க வேண்டும் என்றது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவருக்குப் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லிவிட்டது. உறவினர்களுக்கும் அலுவலகத்துக்கும் போன் போட்டு மானத்தை வாங்குவதும் கூடாது. விதி இப்படி இருக்க, நடுரோட்டில் பைக்கில் மறித்துச் சாவியைப் பிடுங்குவதும் நடக்கத்தான் செய்கிறது, அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது?

கை நீட்டாதீர்கள், கத்தாதீர்கள். போனில் வீடியோவை ஓட விட்டுவிட்டு அடையாள அட்டை, கடன் கொடுத்த நிறுவனத்தின் அதிகாரக் கடிதம், நோட்டீஸ் நகல் மூன்றையும் கேளுங்கள். மலேசியாவில் வண்டி எடுக்க வருகிறவர் அதற்கான அனுமதி அட்டை வைத்திருந்தே ஆக வேண்டும். பேப்பர் எதுவும் இல்லை என்றால், "நான் சம்மதிக்கவில்லை, அலுவலகத்தில் பேசிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போலீஸுக்குப் போன் செய்யலாம். கோர்ட் உத்தரவோடு வந்திருந்தால் தடுக்காதீர்கள். அது வேறு வழக்கில் கொண்டுபோய் மாட்டிவிடும்.

அவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "சாவியைக் குடுங்க சார், ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட பேசிட்டு சாயங்காலமே எடுத்துக்கலாம்." சாயங்காலம் வண்டி யார்டில் இருக்கும். கூடவே ஒரு தாளை நீட்டி, "வண்டி வந்ததுக்கு ஒரு சைன் போடுங்க" என்பார்கள். பேனாவை வாங்குவதற்கு முன் அந்தத் தாளைப் படியுங்கள். நான்காவது வரியில், நானே மனமுவந்து வண்டியை ஒப்படைக்கிறேன் என்று இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால், பறித்தது ஒப்படைத்ததாக மாறிவிடும். அப்புறம் எங்கே போய்ப் புகார் கொடுத்தாலும் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், "சம்மதம் இல்லாமல் எடுக்கப்பட்டது" என்று உங்கள் கையால் எழுதி, தேதியும் நேரமும் போட்டு, தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

நிறையத் தவணை கட்டி முடித்துவிட்டேன். அப்போதும் கோர்ட்டுக்குப் போகாமல் எடுக்கலாமா?

சில நாடுகளில் முடியாது, இது பலருக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் ஹயர் பர்ச்சேஸ் மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு கட்டாயம். உத்தரவும் இல்லாமல், உங்கள் சம்மதமும் இல்லாமல் எடுத்தால் ஒப்பந்தமே ரத்தாகி, கட்டிய பணம் அத்தனையையும் திருப்பிக் கேட்கலாம். (மேலே சொன்ன கையெழுத்து ஏன் முக்கியம் என்று இப்போது புரியும்.) மலேசியாவில் 75 சதவீதம் கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் பாக்கி, கடன் தொகையில் 25 சதவீதத்துக்கோ 10,000 டாலருக்கோ, எது குறைவோ அதற்குக் கீழே இருந்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இந்தியாவில் இப்படி ஒரு சதவீதக் கணக்கு கிடையாது. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, நோட்டீஸ் முறையாக வந்ததா, பலாத்காரம் நடந்ததா என்றுதான் பார்ப்பார்கள்.

காருக்குள் என் பொருட்கள் இருந்தன. அவையும் போனதா?

இல்லை. கடன் வண்டிக்குத்தான், டிக்கியில் இருந்த லேப்டாப்புக்கு இல்லை. எடுத்த அன்றே பட்டியல் போட்டு எழுத்தில் கேளுங்கள், நாள் கடந்தால் "அப்படி எதுவும் இல்லையே" என்ற பதில்தான் வரும். இரண்டு டியூ தவறிய பிறகு வண்டிக்குள் நகை, ரொக்கம், அசல் சான்றிதழ், மருந்து எதையும் வைக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். வண்டியின் நாலு பக்கமும் உட்புறமும் கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்திருந்தால், பின்னால் டயர் தேய்ந்திருந்தது, பம்பர் உடைந்திருந்தது என்று விலையைக் குறைக்கும்போது உதவும். நீங்கள் காசு கொடுத்துப் பொருத்திய மியூசிக் சிஸ்டம் மாதிரி வண்டியோடு இணைந்துவிட்டவை திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்ப வாங்க முடியுமா?

ஏலம் முடியும் வரை முடியும். இரண்டு வகையில் வாங்கலாம். ஒன்று, தவறிய தவணைகளையும் செலவுகளையும் கட்டிவிட்டுப் பழையபடி தவணையைத் தொடர்வது. இன்னொன்று, மொத்தக் கடனையும் செலவையும் ஒரே அடியாகக் கட்டி வண்டியை மீட்பது. முதலாவதற்கு ஒப்பந்தமோ உங்கள் நாட்டுச் சட்டமோ இடம் கொடுக்க வேண்டும், இரண்டாவது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. மலேசியாவில் எடுத்த பிறகு தரும் நோட்டீஸிலிருந்து 21 நாள் வரை விற்கக் கூடாது, அதற்குள் பாக்கியைக் கட்டி வாங்கலாம். ஆஸ்திரேலியாவிலும் வண்டியின் உத்தேச மதிப்போடு நோட்டீஸ் தந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் ஏலத்துக்கு முன் கடைசி வாய்ப்பு தரும் முறை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நேர்மை நடைமுறை விதி.

யார்டு வாடகை நாள் கணக்கில் ஓடும். அதனால் அன்றே கேட்க வேண்டியது மூன்று: இன்றைக்கு எவ்வளவு கட்டினால் வண்டி வரும், எந்தத் தேதி வரை, ஏலம் எப்போது, எங்கே. வண்டியை மீட்கும் முன் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் தவறப்போகிறது என்றால், கடன் வாங்கி வண்டியை மீட்பதில் அர்த்தம் இல்லை.

வண்டியை விற்றுவிட்டார்கள். அப்புறமும் பணம் கேட்கிறார்களே, நியாயமா?

பெரும்பாலும் சட்டப்படி சரிதான். கணக்கைப் பாருங்கள். அசல் பாக்கி 5,00,000, ஏறிய வட்டியும் அபராதமும் 30,000, இழுவை, யார்டு, ஏலச் செலவு 25,000, ஆக மொத்தம் 5,55,000. ஏலத்தில் போனது 3,40,000. மீதி 2,15,000 உங்கள் பெயரில் நிற்கிறது, ஓட்டுவதற்கு வண்டி இல்லை. இதே வண்டியை முன்னாலேயே நீங்கள் 4,20,000க்கு விற்றிருந்தால் இழுவையும் யார்டும் இல்லாமல் 1,10,000தான் நின்றிருக்கும். நீங்களே விற்பது நல்லது என்று மேலே அவ்வளவு நேரம் சொன்னது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

ஆனால் கேட்ட தொகையைக் கேட்டபடி ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏல நோட்டீஸ் முறையாக வந்ததா, எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள், வண்டியை யார் மதிப்பிட்டார்கள், செலவுக்கு ரசீது இருக்கிறதா என்று எழுத்தில் விவரம் கேளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி விற்பனை வணிக நியாயத்தோடு, அதாவது முறையான, நியாயமான வழியில், நடந்திருக்க வேண்டும். நோட்டீஸில் கோளாறு இருந்தால் மீதித் தொகையைக் குறைக்கவோ, சில மாநிலங்களில் முழுவதையும் மறுக்கவோ முடியும். கடனை விட அதிக விலைக்குப் போயிருந்தால் மிச்சம் உங்களுக்கு வர வேண்டும், அதைத் தானாக யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள்.

ஒரே தவணையில் இவ்வளவு தருகிறேன், முடித்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசலாம். ஒத்துக்கொண்டால் பணம் கட்டும் முன் கடிதம் வாங்குங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: தள்ளுபடி ஆன தொகை 600 டாலரோ அதற்கு மேலோ என்றால் அது வருமானமாக வரித்துறைக்குத் தெரிவிக்கப்படலாம்.

எனக்கு ஜாமீன் போட்டவருக்கு என்ன ஆகும்?

உங்களுக்கு ஆவதெல்லாம் அவருக்கும் ஆகும். மீதித் தொகையை அவரிடம் நேராகக் கேட்கலாம், அவருடைய கிரெடிட் அறிக்கையிலும் ஏறும். வசூல் ஆள் சொல்லி அவருக்குத் தெரிய வருவதை விட நீங்களே முதல் மாதத்தில் சொல்லிவிடுங்கள்.

கிரெடிட் ஸ்கோர் எத்தனை வருஷம் பாதிக்கும்?

அமெரிக்காவில் 7 வருடம், பிரிட்டனில் 6, ஆஸ்திரேலியாவில் 5 வருடம் அறிக்கையில் இருக்கும். இந்தியாவில் குறைத்துப் பேசி முடித்த கடன், சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று நிற்கும், முழுதாகக் கட்டினால்தான் "குளோஸ்டு". பின்னாளில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

முறை தவறி எடுத்துவிட்டார்கள், மிரட்டினார்கள். எங்கே புகார் கொடுப்பது?

முதலில் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள், வீடியோ, போன் பதிவு, நோட்டீஸ் நகலோடு. முகவர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அவர்கள் கழன்றுகொள்ள முடியாது. இந்தியாவில் 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அடிதடி, மிரட்டல் நடந்திருந்தால் போலீஸ் புகார் தனியாக. பிரிட்டனில் நிதி ஆம்புட்ஸ்மேன் சேவை (நிறுவனத்துக்கு 8 வாரம் அவகாசம் கொடுத்த பிறகு), ஆஸ்திரேலியாவில் நிதிப் புகார் ஆணையமான ஆஃப்கா, அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமும்.

கோர்ட்டிலிருந்து வரும் தபாலை மட்டும் பிரிக்காமல் வைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் அவர்கள் கேட்ட தொகைக்கே தீர்ப்பு ஆகிவிடும்.

வண்டி எடுத்த பிறகு அதற்கு வரும் அபராதச் செலான் யார் கட்டுவது?

பதிவு உங்கள் பெயரில் இருக்கும் வரை செலான் உங்களுக்குத்தான் வரும். அதனால் வண்டி கையை விட்டுப் போன தேதி, நேரம், கிலோமீட்டர் எண், எடுத்தவர் பெயர் இவை இருக்கும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் அன்றே கடன் கொடுத்தவருக்கு இமெயில் போட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸையும் உடனே ரத்து செய்ய வேண்டாம். வண்டியைத் திரும்ப வாங்கப் போவதில்லை என்று முடிவான பிறகு, விற்பனை ஆனதற்கான கடிதம் வாங்கிக்கொண்டு ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். கடனோடு சேர்த்து எடுக்க வைத்த கடன் காப்பீடு, கூடுதல் வாரண்டி ஏதாவது இருந்தால் அதிலும் திரும்ப வர வேண்டிய தொகை இருக்கலாம், அதை மீதிப் பாக்கியில் கழிக்கச் சொல்லுங்கள்.